இ-சைக்கிள் த்ராட்டில் மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பார்ப்போம்

மோட்டார் கிட் மாட்டிய சைக்கிள் எதுவாக இருந்தாலும், புகார் பெரும்பாலும் “த்ராட்டில் போச்சு” என்றுதான் ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் மூன்றில் ஒன்றாக முடியும். த்ராட்டில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி, உண்மையிலேயே கெட்டிருக்கும். அல்லது வேறு எங்கோ கோளாறு இருந்து, பழி மட்டும் த்ராட்டில் மேல் விழுந்திருக்கும். அல்லது எதுவுமே கெடாமல், அந்தச் சைக்கிளுக்கும் ஓட்டுபவருக்கும் ஒத்துவராத வகையை மாட்டியிருப்பார்கள். கடைசி ரகம்தான் காசைத் தின்னும். அதே வகையில் புதிது வாங்கிப் போட்டால் அதே புகார் திரும்பி வரும்.

இங்கே சொல்வதெல்லாம் நம்மூரில் அதிகம் ஓடும் 24, 36, 48 வோல்ட் கிட்டுகளுக்கு: சக்கரத்தில் ஹப் மோட்டார், அல்லது பக்கவாட்டில் செயின் போட்ட 250 வாட் கியர் மோட்டார், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கண்ட்ரோலர், ஹேண்டில்பாரில் ஒரு த்ராட்டில்.

வகைகள் மூன்று. முழு முறுக்கில், மோட்டார் பைக் போலக் கைப்பிடி முழுவதும் திரும்பும். அரை முறுக்கில் பிரேக் லீவரை ஒட்டிய உள்பாதி மட்டும் திரும்பும். வெளிப்பாதி சாதாரண கிரிப், அசையாது. கட்டைவிரல் த்ராட்டில் என்பது கிரிப்பின் ஓரத்தில் இருக்கும் சின்ன லீவர். உள்ளே பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஒரு காந்தம் நகர்கிறது, எதிரே காந்தப் புலத்தை உணரும் ஒரு ஹால் சென்சார் உட்கார்ந்திருக்கிறது, காந்தம் நகர நகர அது தரும் வோல்ட் ஏறுகிறது.

மூன்று வயர். சிவப்பில் கண்ட்ரோலர் 5 வோல்ட் அனுப்பும். 4.3 என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம், நிறைய கண்ட்ரோலர்கள் அப்படித்தான். கறுப்பு நெகட்டிவ். மூன்றாவது சிக்னல், பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கும். கை வைக்காதபோது சிக்னல் 0.8 அல்லது 0.9 வோல்ட், முழுக்கத் திருப்பினால் 3.5-இலிருந்து 4.2-க்குள். 1 வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டிய பிறகுதான் கண்ட்ரோலர் மோட்டாரை எழுப்பும். இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மோட்டார் இருக்கும் சக்கரம் தரையைத் தொடக் கூடாது. ஸ்டாண்டில் ஏற்றுங்கள், இல்லையென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கப்ளரை (வயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றாமல் அதன் பின்பக்கமாகக் குண்டூசி நுழைத்து அளக்க வேண்டும். ஓம்ஸில் வைத்து த்ராட்டிலை அளந்து “கன்டினியூட்டி இல்லை, போச்சு” என்று தீர்ப்பு சொல்பவர்கள் உண்டு. ஹால் சென்சாரை அப்படிச் சோதிக்கவே முடியாது. மின்சாரம் கொடுத்தால்தான் அது பேசும்.

“ஆன் ஆகுது, ஆனா முறுக்கினா ஒண்ணுமே இல்லை”

முதலில் பிரேக்கைப் பாருங்கள், த்ராட்டிலை அல்ல. கிட்டோடு வரும் பிரேக் லீவர்களுக்குள் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கும். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவது அதன் வேலை. லீவர் முழுவதும் திரும்பி வராமல் ஒரு மயிரிழை தங்கினாலும், பிரேக் பிடித்திருப்பதாகவே கண்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும். துரு, இறுகிய கேபிள், வளைந்த லீவர் எல்லாம் காரணமாகலாம். இரண்டு பிரேக் கப்ளர்களையும் கழற்றிவிட்டு முறுக்கிப் பாருங்கள். ஓடினால் வழக்கு முடிந்தது. லீவரைச் சரிசெய்து மறுபடி மாட்டுங்கள். கழற்றிய நிலையிலேயே தெருவுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஏன் என்பது அடுத்த புகாரில் தெரியும்.

டிஸ்ப்ளே உள்ள கிட் என்றால் அசிஸ்ட் அளவு (பெடல் மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவி) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தில் வைத்தால் த்ராட்டிலையும் அணைத்துவிடும் கிட்டுகள் நிறைய. அதேபோல, த்ராட்டிலை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் பாதுகாப்புக்காக அசைய மறுக்கும் கண்ட்ரோலர்களும் உண்டு. கையை எடுத்துவிட்டு, அணைத்து, மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும்.

அதற்கும் மசியவில்லையென்றால் மீட்டர். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் த்ராட்டில் கப்ளரைக் கழற்றி, கண்ட்ரோலர் பக்கம் மட்டும் அளந்து பாருங்கள். கழற்றியதும் வோல்ட் திரும்பி வந்தால் த்ராட்டிலுக்குள்தான் ஷார்ட். அப்போதும் வராவிட்டால் அவசரப்பட்டு கண்ட்ரோலர் வாங்கிவிடாதீர்கள். மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார்களும், பெடல் மிதிப்பதை உணரும் பெடல் சென்சாரும் பெரும்பாலும் அதே 5 வோல்ட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அச்சுப் பக்கம் வயர் நசுங்கி அங்கே ஷார்ட் ஆனாலும் இங்கே த்ராட்டில் செத்தது போலத் தெரியும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் உயிர்பெறுகிறது என்று பாருங்கள்.

5 வோல்ட் இருக்கிறது, முறுக்கினாலும் சிக்னல் மாறாமல் நிற்கிறது என்றால் காந்தம் பெயர்ந்திருக்கலாம். பசை விட்டுப்போன காந்தம் உள்ளே கடகடவென்று உருளும். காதருகே ஆட்டினால் கேட்கும். சிக்னல் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சென்சார் செத்திருக்கும் அல்லது வயர் அறுந்திருக்கும். சிக்னல் ஒழுங்காக 0.8-இலிருந்து 3.6 வரை ஏறி இறங்குகிறது, ஆனாலும் சக்கரம் அசையவில்லை என்றால் த்ராட்டில் நிரபராதி. கண்ட்ரோலரையும் மோட்டாரையும் விசாரியுங்கள்.

“கையை எடுத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கு”

இதைச் சரிசெய்யும் வரை சைக்கிளை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இயந்திரக் காரணம் முதலில். முறுக்கு வகைகளில் திரும்பும் பாகமும் திரும்பாத பாகமும் உரசினால் ஸ்பிரிங் தோற்றுப்போகும். அரை முறுக்கில் வெளிக் கிரிப்பை அழுத்தி நெருக்கமாகத் தள்ளி மாட்டிவிடுவது வாடிக்கையான தவறு. நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிய வேண்டும். முழு முறுக்கில் ஹேண்டில்பார் முனைக் கட்டை உரசும். சைக்கிள் விழுந்து எழுந்திருந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் வளையும் இடம் வரை த்ராட்டிலைத் தள்ளியிருந்தாலும் இறுகும். எந்த வகையாக இருந்தாலும் சோதனை ஒன்றே: முழுக்கத் திருப்பிச் சட்டென்று விடுங்கள், “டக்” என்று தானாகத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் தேறாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிவைத்தும் செய்து பாருங்கள். வயர் இழுபடுவது அப்போதுதான் வெளியே வரும்.

மின்சாரக் காரணம் இன்னும் மோசம். கறுப்பு வயர் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. நெகட்டிவ் போனதும் சிக்னல் வோல்ட் பெரும்பாலும் 5-ஐ நோக்கி ஏறிவிடும். நல்ல கண்ட்ரோலர், “முழு த்ராட்டிலே 4.2-தானே, இது என்ன அதற்கும் மேலே?” என்று சந்தேகப்பட்டு மோட்டாரை நிறுத்தும். மலிவு கண்ட்ரோலருக்கு அந்தச் சந்தேகம் வராது. முழு வேகத்தில் பாயும். சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஓடும்போது கறுப்பு வயரை மட்டும் ஒரு நொடி பிரித்துப் பார்த்தால் உங்கள் கண்ட்ரோலர் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பாயும் ரகம் என்றால் இரண்டு லீவரிலும் கட்-ஆஃப் இல்லாமல் ஓட்டவே கூடாது. சாதாரண பிரேக் போதும் என்று கட்-ஆஃப் லீவரைக் கழற்றி வீசுபவர்கள், மோட்டாரோடு மல்லுக்கட்டும் பிரேக்கை நம்பிப் போகிறார்கள்.

இன்னொரு சாத்தியம் குரூஸ். சில கண்ட்ரோலர்களில் த்ராட்டிலை ஒரே நிலையில் சில நொடிகள் பிடித்தால் வேகம் பூட்டிக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டால் விடுபடும். கிட் மாட்டியவர் அந்த வயரைத் தெரியாமல் இணைத்துவிட்டு, சைக்கிளுக்குச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் போயிருப்பார். எல்லா வோல்ட்டும் சரியாக இருந்து இந்தப் புகார் வந்தால் குரூஸ் வயரைப் பிரித்துப் பாருங்கள்.

“தள்ளிக்கிட்டு போகும்போது திடீர்னு பாய்ஞ்சுது”

இது கோளாறே இல்லை. முழு முறுக்கு த்ராட்டிலின் இயல்பு. இறங்கி நின்று ஹேண்டிலைப் பிடிக்கும்போது கைப்பிடியைத்தான் பிடிக்கிறோம். சைக்கிளை முன்னே தள்ளும்போது மணிக்கட்டு தானாகக் கீழே சாயும். அதுதான் முறுக்கும் திசை. சைக்கிள் முன்னே பாய, விழாமல் இருக்க நாம் இன்னும் இறுக்கிப் பிடிக்க, அது இன்னும் பாயும். பெட்ரோல் வண்டியில் கிளட்சோ நியூட்ரலோ காப்பாற்றும், எஞ்சின் சத்தமும் எச்சரிக்கும். இங்கே சத்தமே கிடையாது. நிறுத்தி வைத்த சைக்கிளின் மேல் குழந்தை ஏறிக் கைப்பிடியைப் பிடித்தாலும் இதே கதை.

சைக்கிளுக்கு முழு முறுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஸ்கூட்டர் பழக்கத்தில் முறுக்குதான் வேண்டும் என்பவர்கள் அரை முறுக்குக்குப் போகட்டும். உள்ளங்கையின் எடை அசையாத பாதியில் விழுவதால் ஆபத்து பெருமளவு குறையும். வீட்டில் பலரும் எடுத்து ஓட்டும் சைக்கிள், வயதானவர்கள் ஓட்டுவது, அடிக்கடி படியேற்றி இறக்குவது என்றால் கட்டைவிரல் வகையைத் தவிர வேறு யோசனை தேவையில்லை.

“எடுத்த உடனே இடிக்குது, மெதுவா ஓட்டவே முடியலை”

மேலே கட்டைவிரலைப் புகழ்ந்தேன். இந்தப் புகாரில் அது குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. லீவரின் பயணத் தூரம் சின்னது. பள்ளம் மேட்டில் கை குலுங்கினால் கட்டைவிரலும் குலுங்கும், வேகமும் குலுங்கும். முறுக்கு வகையில் திருப்பும் வளைவு நீளம், உள்ளங்கை முழுவதும் பிடித்திருப்பதால் சின்னச் சின்ன மாற்றம் சாத்தியம். மோசமான சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு அரை முறுக்கு இதமாக இருக்கும்.

ஆனால் த்ராட்டிலை மாற்றும் முன் மீட்டரை வைத்து மெதுவாக, மிக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வோல்ட் ஒரே சீராக ஏறுகிறதா, அல்லது கால் பங்கு திருப்புவதற்குள் 3-ஐத் தொட்டுவிட்டு மிச்சத் தூரத்தில் சும்மா நிற்கிறதா? இரண்டாவது என்றால் த்ராட்டிலின் தரம்தான் பிரச்சினை. சீராக ஏறியும் இடித்தால் காரணம் கண்ட்ரோலர். சாதாரண கண்ட்ரோலர் த்ராட்டிலை “இந்த வேகம் வேண்டும்” என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு, அந்த வேகத்தை எட்டும் வரை கையில் இருக்கும் ஆம்பியர் முழுவதையும் கொட்டும். நீங்கள் எவ்வளவு நாசூக்காகத் திருப்பினாலும் புறப்பாட்டில் உதைக்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சைன் வேவ் கண்ட்ரோலர்களில் அதே த்ராட்டில் வெண்ணெயாக வழுக்கும். டிஸ்ப்ளேயில் மெதுவான புறப்பாடு என்று ஏதாவது அமைப்பு இருந்தால் செலவில்லாமல் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

“ஓடும்போது விட்டு விட்டு கட் ஆகுது”

கட் ஆகும்போது டிஸ்ப்ளேயும் அணைகிறதா? அணைந்தால் பேட்டரி, பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்), அல்லது மெயின் வயர். த்ராட்டிலை மறந்துவிடுங்கள். டிஸ்ப்ளே எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் நின்றால் பிரேக் சுவிட்ச், த்ராட்டில், மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார் இந்த மூன்றில் ஒன்று. சைக்கிளை நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கி, த்ராட்டிலைப் பாதியில் பிடித்துக்கொண்டு இன்னொருவரை வயரைத் தடவிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில், முன் குழாயை ஒட்டி வயர் மடிந்து மடிந்து உள்ளேயே அறுந்திருக்கும். மேல் உறை முழுசாகத்தான் தெரியும். அந்த இடத்தைத் தொட்டதும் மோட்டார் தடுமாறும்.

“முன்ன மாதிரி வேகம் இல்லை”

முழுக்கத் திருப்பி சிக்னலை அளங்கள். 3.5-க்கு மேல் வந்தால் த்ராட்டில் தன் வேலையைச் செய்கிறது. பேட்டரி வயதாகியிருக்கும், அல்லது காற்று குறைவு, அல்லது பிரேக் உரசுகிறது. 2.5-லேயே நின்றுவிட்டால் காந்தம் இடம் மாறியிருக்கும். புதிய கிட்டிலேயே வேகம் குறைவு என்றால் கண்ட்ரோலரில் வேகக் கட்டுப்பாட்டு வயர் ஜோடி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிரிக்கும் முன் ஒன்று: மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்து, பேட்டரி இல்லாத எடை 60 கிலோவைத் தாண்டாத வரைதான் இந்தியச் சட்டத்தில் அது மோட்டார் வாகனம் ஆகாது. பிரித்த பிறகு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் என்று கதை வேறு.

“நடக்கிற வேகத்துக்கு மேல போக மாட்டேங்குது”

லண்டனிலோ ஐரோப்பாவிலோ சைக்கிள் வாங்கிய நம்மவர்கள் கேட்பது இது. ஐரோப்பிய விதிப்படி பெடல் மிதிக்காமல் மோட்டார் மட்டும் இழுக்கலாம் என்பது மணிக்கு 6 கிலோமீட்டர் வரைதான். சைக்கிளைத் தள்ளிப் போக உதவும் வேகம் அது. பிரிட்டனில் 2016 ஜனவரி முதல் புதிதாக வருபவற்றில் அதைத் தாண்டி முறுக்கி ஓட்டும் வசதி வேண்டுமானால் தனி அங்கீகாரம் தேவை. சிங்கப்பூரில் மின்சைக்கிளுக்கு த்ராட்டிலே கூடாது, பெடல் உதவி மட்டும். அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பு சைக்கிளுக்கு த்ராட்டிலோடு மணிக்கு 20 மைல் வரை இடம் உண்டு. ஆக, சைக்கிள் பழுதாகவில்லை. அந்த ஊர் சட்டம் கண்ட்ரோலருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

“மழையில் நனைஞ்சதிலிருந்து சரியில்லை”

கப்ளரைப் பிரித்து, காற்றடித்து, காயவிட்டாலே பாதி சரியாகும். பச்சை பூத்த பின்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மின் இணைப்புகளுக்கான சிலிகான் கிரீஸ் தடவி மூடுங்கள். வயர் கப்ளருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

இங்கே ஒரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரி அளவு காட்டும் விளக்குகளும் சாவியும் சேர்ந்தே வரும் த்ராட்டில், நம்மூர் கிட்டுகளில் சர்வசாதாரணம். அந்த வயரில் 5 வோல்ட்டும் சிக்னலும் போகும் அதே உறைக்குள் பேட்டரியின் முழு வோல்ட்டும் சாவிக்காகப் போய்வருகிறது. தண்ணீர் இறங்கினாலோ வயர் நசுங்கினாலோ 36, 48 வோல்ட் நேராகச் சிக்னல் வயருக்குள் பாயும். கண்ட்ரோலர் அந்த இடத்திலேயே சமாதி. விளக்குகள் சொல்வதிலும் விசேஷம் இல்லை. மேட்டில் முறுக்கும்போது சிவப்பு, நிறுத்தினால் மறுபடி பச்சை. சாவியைத் தனியாகச் சட்டத்தில் மாட்டி, வெறும் மூன்று வயர் த்ராட்டிலுக்கு மாறுவது நல்லது. ஏற்கெனவே மாட்டியிருந்தால் மழையில் நிறுத்தும்போது ஒரு பிளாஸ்டிக் பையையாவது போர்த்துங்கள்.

“கட்டைவிரல் வலிக்குது”, “மணிக்கட்டு வலிக்குது”

கட்டைவிரல் வலி பெரும்பாலும் மாட்டிய கோணத்தால் வருவது. அலன் கீயால் தளர்த்தி, லீவர் கட்டைவிரலுக்கு நேர் கீழே வரும்படி கொஞ்சம் சாய்த்து, கிரிப்பை ஒட்டி நகர்த்துங்கள். நிறுத்தாமல் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அதன் பிறகும் வலிக்கும். அவருக்கு அரை முறுக்கோ பெடல் சென்சாரோதான் தீர்வு. முறுக்கு வகையில் மணிக்கட்டு வலித்தால், முழு வேகத்தில் கை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அந்த நிலையில் மணிக்கட்டு நேராக வரும்படி த்ராட்டிலை முன்பக்கம் சுழற்றி இறுக்குங்கள். வலது பக்கம் முறுக்கி மாற்றும் கியர் இருந்தால் அதே பக்கம் முறுக்கு த்ராட்டில் வேண்டாம். அவசரத்தில் எதைத் திருப்புகிறோம் என்றே தெரியாது. கட்டைவிரல் வகையை இடது பக்கம் மாட்டிவிடலாம்.

“புதுசு மாட்டினேன், அதுவும் ஓடலை”

வயர் நிறத்தை நம்பியிருப்பீர்கள். ஒரே மூன்று பின் கப்ளராக இருந்தாலும் பின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கண்ட்ரோலர் பக்கம் எது 5 வோல்ட், எது நெகட்டிவ் என்று அளந்து உறுதிசெய்த பிறகே இணையுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறினால் சென்சார் போய்விடும். பழைய கண்ட்ரோலர்களில் 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் வகை த்ராட்டிலும் இருந்தது. அதற்கு ஹால் வகையை அப்படியே மாற்றிப் போட முடியாது. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

கண்ட்ரோலரையே சந்தேகிக்க வேண்டிய நிலை வந்தால், த்ராட்டில் இல்லாமலே அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாக இணைத்து, ஒரு முனையை 5 வோல்ட்டிலும் மறுமுனையை நெகட்டிவிலும் மாட்டுங்கள். நடுப்புள்ளியில் ஏறக்குறைய 2.5 வோல்ட் இருக்கும். சக்கரம் மேலே இருக்க, முதலில் ஆன் செய்து, பிறகு நடுப்புள்ளியைச் சிக்னல் வயரில் தொடுங்கள். கண்ட்ரோலரும் மோட்டாரும் நன்றாக இருந்தால் சக்கரம் பாதி வேகத்தில் சுற்றும். 5 வோல்ட்டை நேராகச் சிக்னலில் தொடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்: சில கண்ட்ரோலர்கள் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும், நல்ல கண்ட்ரோலரைக் கெட்டது என்று தூக்கிப் போடுவீர்கள், மற்றவை முழு வேகத்தில் கிளம்பும்.